பள்ளிப்படிப்பை முடிக்காதவர்... மைக்ரோவேவ் சூட்டைக் கண்டுபிடித்த பெர்சி ஸ்பென்சர்! ஈர நூல் உலர்வதற்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

மைக்ரோவேவ்னு சொன்னதும் சமையலறைதான் ஞாபகம் வரும். ஆனால் நூல், காகிதம், மரம், செராமிக் போன்ற பொருட்களின் ஈரத்தைப் போக்கவும் இதே சூடு பயன்படுகிறது. இதற்கு வழி திறந்தவர் பெர்சி ஸ்பென்சர்.

யார் இவர்?

1894-ல் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், ஹவுலண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஒன்றரை வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் விட்டுவிட்டுப் போக, உறவுக்காரத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். 7 வயதில், வளர்த்த அந்த மனிதரும் இறந்துபோனார்.

12 வயதில் படிப்பு நின்றது. நூல் சுற்றும் மரக்கட்டைகள் செய்யும் ஆலையில் விடியலில் இருந்து பொழுது சாயும்வரை வேலை. பக்கத்து காகித ஆலைக்கு மின்சாரம் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டு, 16 வயதில் அங்கே சேர்ந்தார். மின்வேலையை செய்து பார்த்தே கற்றுக்கொண்டார்.

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது வயர்லெஸ் மீது ஆர்வம் வந்தது. கடற்படையில் சேர்ந்தார். இரவுக் காவலில் புத்தகங்களை வைத்துக்கொண்டு கணிதமும் இயற்பியலும் தானாகவே படித்தார்.

மிட்டாய் உருகியது எப்படி?

ரேதியான் நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு இரண்டாம் உலகப்போரில் பெரிய வேலை வந்தது. ரேடாரின் இதயமான மேக்னட்ரானை வேகமாகத் தயாரிக்க வழி கண்டார். உற்பத்தி நாளுக்கு 2,600 வரை உயர்ந்தது.

1945-ல் இயங்கும் மேக்னட்ரான் முன்பு நின்றபோது, பாக்கெட்டில் இருந்த மிட்டாய் உருகியது. இதை முன்பே கவனித்தவர்கள் உண்டு. ஏன் என்று தோண்டிப் பார்த்தவர் இவர்தான். சோளத்தை வைத்துப் பார்த்தார், பொரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஆலைக்கு என்ன லாபம்?

கனமாகச் சுற்றிய ஈர நூலுக்கு வெந்நீராவியோ சூடான காற்றோ கொடுத்தால், முதலில் வெளிப்பக்கம்தான் காயும். நடுவில் ஈரம் தங்கிவிடும். மைக்ரோவேவ் அப்படி இல்லை. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையில் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை முன்னும் பின்னும் மாறுகிறது. நீர் மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்ப முயன்று சூடாகின்றன. நூலிழை இந்த அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதனால் எங்கே ஈரம் அதிகமோ, அங்கே சூடும் அதிகம். உள்ளும் வெளியும் ஒரே சீராக உலரும்.

பின் ஏன் எல்லா ஆலைகளிலும் இல்லை?

செலவுதான் காரணம். 1 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் சுமார் 0.7 யூனிட் ஆற்றல் வேண்டும். மின்சாரத்தை அலையாக மாற்றும்போது அதிலும் ஒரு பங்கு வீணாகும். எனவே முதலில் பிழிந்தோ, வேகமாகச் சுழற்றியோ தண்ணீரை வெளியேற்றிவிட்டு, மிச்ச ஈரத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது லாபம். உலோக இழை கலந்த துணி என்றால் தீப்பொறி ஆபத்தும் உண்டு.

கிடைத்தது என்ன?

நிறுவன வழக்கப்படி இந்தக் காப்புரிமைக்கு ஸ்பென்சர் பெற்ற சன்மானம் வெறும் 2 டாலர். ஆனாலும் அதே நிறுவனத்தில் மூத்த துணைத் தலைவராக உயர்ந்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1970-ல் அவர் காலமானார். 1999-ல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில், எடிசன் இருக்கும் அதே வரிசையில், அந்த நூல்கட்டை ஆலைச் சிறுவனின் பெயரும் சேர்ந்தது.