ஒரு பைசாவில் ஓர் இதழ்

பண்டிதர் அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு பிறந்தவர், சித்த மருத்துவர். காத்தவராயன் என்னும் இயற்பெயரை விடுத்து, தம் ஆசிரியரின் பெயரையே பூண்டார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். இவற்றை நம் இளைஞர் பலரும் அறிவர். அவர்தம் அறிவு நுட்பம் ஒன்றையே இங்கு நாம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் வானகரத்துக்குக் கிழக்கேயுள்ள இராயப்பேட்டையிலிருந்து 1907 சூன் 19ஆம் நாள் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. அஃதாவது கால் அணா. அதனைப் பெயரிலேயே பொறித்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றார். விலை கேட்கக் கூசும் ஏழைக்குப் பெயரே விடை கூறிற்று! வாசகர்தம் ஐயங்களுக்கும் அதில் விளக்கம் தந்தார். கோலார் தங்கவயல் தொழிலாளரும் அதனைப் படித்தனர். ஓராண்டுக்குப்பின் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று. 1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அவ்விதழை மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.