ஒதுக்கிய பொருளை ஓவியமாக்கியவர்

துணியும் தூரிகையும் வண்ணமும் இருந்தால்தான் ஓவியம் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், தெருவில் மிதிபட்டுக் கிடந்த டிராம் வண்டிச் சீட்டையும் ஓவியமாக்கிக் காட்டியவர் குர்ட் ஷ்விட்டர்ஸ். கல்விப் பணியில் கால் நூற்றாண்டு கண்ட நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

செருமானிய நாட்டின் ஹானோவர் நகரில், 1887 ஜூன் 20ஆம் நாள், வசதியான குடும்பத்தில் அவர் பிறந்தார். டிரெஸ்டன் கலைக்கழகத்தில் கண்டதைக் கண்டவாறு தீட்டும் மரபுவழிப் பயிற்சி பெற்றார். முதல் உலகப் போரின்போது இரும்பாலையொன்றில் இயந்திர வரைபடங்கள் வரைந்தார். 1918இல் போர் முடிந்தபோது நாடே சிதறிக் கிடந்தது. சிதறல்களிலிருந்தே புதியதைக் கட்ட வேண்டும் என்று அவர் துணிந்தார். கிழிந்த செய்தித்தாள், மரத்துண்டு, கம்பி, பொத்தான் ஆகியவற்றை எண்ணெய் வண்ணத்தோடு இணைத்து அருவ ஓவியங்கள் படைத்தார். வங்கி விளம்பரம் ஒன்றைக் கத்தரித்தபோது எஞ்சிய 'மெர்ஸ்' என்னும் எழுத்துகளையே தம் கலைக்குப் பெயராகச் சூட்டினார். விலை கொடுத்து வாங்கிய வண்ணமும் குப்பையில் எடுத்த தாளும் ஓவியத்தில் நிகரானவை என்பதே அவர் கொள்கை.

1923 அளவில் தம் வீட்டின் அறைகளையே சிற்பமாக மாற்றத் தொடங்கினார். ஹிட்லர் ஆட்சி அவரை வாழவிடவில்லை. 1937இல் நார்வேக்குத் தப்பினார். அதே ஆண்டில் மியூனிக் நகரில் 'இழிந்த கலை' என்ற பெயரில் நடந்த கண்காட்சியில் அவர் படைப்புகளும் ஏளனத்துக்கு வைக்கப்பட்டன. 1940இல் நார்வேயும் வீழ்ந்தது. பிரிட்டனை அடைந்தவரை, செருமானியர் என்பதால் மான் தீவு முகாமில் அடைத்தனர். அங்கும் கஞ்சியைப் பிசைந்து சிற்பம் செய்தார். 1941இல் விடுதலை பெற்றார். 1943இல் ஹானோவர் வீடு குண்டுவீச்சில் அழிந்தது.

1945இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் குடியேறி, உருவப்படங்கள் தீட்டிப் பிழைத்தார். 1947இல் எல்டர்வாட்டரில் ஒரு கொட்டிலின் சுவரில் மீண்டும் பணி தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. 1948 ஜனவரி 8ஆம் நாள் மறைந்தார். பிரிட்டிஷ் குடியுரிமை கிட்டிய செய்தி வந்தது அதற்கு முந்தைய நாள்தான். அச்சுவர் பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டு, நியூகாசில் நகரின் ஹாட்டன் கலைக்கூடத்தில் காக்கப்படுகிறது.

அவர் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் அல்லர். ஏறத்தாழ ஐம்பதாம் அகவையில் ஓர் அரசு அவர் படைப்பின்மீது இழிவு முத்திரை குத்தியது. நம் முன்னோர்க்கோ அம்முத்திரை தொட்டிலிலேயே குத்தப்பட்டது. இவ்வேறுபாட்டை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் இழிவு என்பது முத்திரை குத்துவோர் கண்ணில் இருப்பதேயன்றிக் குத்தப்பட்டவரிடம் இருப்பதன்று என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்று. முத்திரை குத்திய ஆட்சி 1945இல் ஒழிந்தது. அவர் ஒட்டிய துண்டுத் தாள்களோ இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

வண்ணப் பெட்டி வாங்க வழியில்லையே என்று ஏங்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை அறிதல் வேண்டும். பழைய தாளும் சிறிது பசையும் போதும். கைகள் தயங்க வேண்டா.