பேட்மேன் டைட்டிலில் வராத பெயர்

2016-க்கு முன்னாடி வந்த எந்த பேட்மேன் படத்தையும் போட்டுப் பாருங்க. உருவாக்கியவர் என்று பாப் கேன் பெயர் மட்டும்தான் வரும். பில் ஃபிங்கரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஃபிங்கர் 1914-இல் டென்வரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தவர். செருப்புக் கடையில் விற்பனையாளர். எழுத்தாளர் ஆகணும்னு ஆசை. ஒரு பார்ட்டியில் பழக்கமான கேனுக்குக் கதை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்.

1939-இல் சூப்பர்மேன் விற்பனை எகிற, இன்னொரு ஹீரோ வேணும்னு பதிப்பகம் கேட்டது. கேன் வரைந்தது என்ன தெரியுமா? சிவப்பு உடை, விறைப்பான இறக்கை, கண்ணை மட்டும் மூடும் குட்டி முகமூடி. வௌவால் காது வைத்த முகமூடி, நீளமான கேப், கையுறை, இருட்டு நிறம் எல்லாம் ஃபிங்கர் சொன்ன மாற்றங்கள். புரூஸ் வெய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். முதல் கதையையும் அவரே எழுதினார். ஆனால் பதிப்பகத்தோடு பேசி முடித்தது கேன். அதனால் அச்சில் அவர் பெயர் மட்டும். ஃபிங்கர் அவரிடம் சம்பளம் வாங்குகிற ஆள். (ராத்திரி முழுக்க கோட் எழுதிவிட்டு, பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் கடைசிப் பெயராக நின்றவர்களுக்கு இது புரியும்.)

அந்த பேட்மேன் நல்லவன்னும் சொல்ல முடியாது. முதல் கதையிலேயே வில்லன் ஆசிட் தொட்டியில் விழுந்து சாகிறான், இவன் அலட்டிக்கவே மாட்டான். 1940-இல் விமானத்திலிருந்து மெஷின் கன்னால் சுட்டான். அதுக்கு அப்புறம்தான் எடிட்டர் தலையிட்டு, இனி கொலை கிடையாதுன்னு நிறுத்தினார். நாம ஹாஸ்டலில் விடிய விடிய சண்டை போடுகிற அந்தக் கொள்கை பிறந்தது இப்படித்தான்.

ஃபிங்கர் கதை தர எப்பவும் லேட். ஆனாலும் அறுபதுகளின் நடுப்பகுதி வரை எழுதினார். 1965-இல் ஒரு ரசிகர் அவருடைய பங்கை எழுத, எல்லாம் நான்தான்னு கேன் மறுத்தார். ஃபிங்கர் 1974-இல், 59 வயதில், கையில் காசில்லாமல் இறந்தார். மகன் அஸ்தியை ஓரிகன் கடற்கரை மணலில் வௌவால் வடிவத்தில் தூவினார். கேன் தன் சுயசரிதையில் உண்மையை ஒத்துக்கொண்டது 1989-இல். பெயர் போடும்படி அப்பவும் எதையும் மாற்றவில்லை.

பேத்தியும் ஓர் எழுத்தாளரும் விடாமல் போராடி, 2015-இல் டிசி நிறுவனம் இறங்கி வந்தது. அடுத்த வருஷம் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் பெயர் வந்தது. அதிலும் இரண்டு பேரும் சமமாக இல்லை. பாப் கேன், உடன் பில் ஃபிங்கர் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.