பூனை வாயில் இறால்: ஜாமினி ராய் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

நெற்றியில் நாமம், வாயில் முழு இறால். இப்படியொரு பூனைப் படத்தை நீங்க எங்காவது பார்த்திருக்கலாம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்போமே, அதே கிண்டல்தான். ஊருக்குச் சைவம், மறைவில் மீன் என்று வாழ்ந்த போலி பக்தர்களைக் குத்திக்காட்ட, 19ஆம் நூற்றாண்டில் கொல்கத்தாவின் காளிகாட் கோயில் தெருவில் இதை வரைந்து விற்றார்கள்.

வரைந்தவர்கள் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த பட்டுவாக்கள். ஆலைக் காகிதம், வேகமான தூரிகை, சில்லறைக் காசு விலை. சாமி படங்களோடு நகரத்தின் வண்டவாளமும் கடையில் தொங்கியது: தலைவாரி மினுக்கும் பாபு, புருஷனைத் துடைப்பத்தால் விளாசும் பெண். 1873இல் தாரகேஸ்வர் கோயில் மகந்தோடு மனைவிக்குத் தொடர்பு என்று, எலோகேஷியை அவள் கணவன் அரிவாள்மனையால் வெட்டிக் கொன்றான். அந்த வழக்கும் மகந்த் சிறைக்குப் போனதும் தொடர் படங்களாகவே வந்தன. இன்றைய மீம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பிறகு மலிவான அச்சுப் படங்கள் வந்து இந்தத் தொழிலையே சாய்த்துவிட்டன.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டவர்தான் ஜாமினி ராய். 1887இல் பாங்குரா மாவட்டம் பெலியாதோரில் பிறந்தவர். கொல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் ஐரோப்பிய பாணியைக் கற்று, ஆர்டருக்கு ஆள் படம் வரைந்து சம்பாதித்தார். 1920களில் அதை உதறினார். வருமானம் அடிபட்டது. எண்ணெய் வண்ணம் போய், கல்தூள், சுண்ணாம்பு, நீலி, புளியங்கொட்டைப் பசை வந்தன. விளக்குக் கரியால் ஒரே இழுப்பில் தடித்த கோடு, பாதாம் வடிவக் கண்கள். சந்தால் பெண்கள், தாயும் சேயும், கிருஷ்ணர், ஏசு என்று எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் வந்தார்கள்.

வராதது கிண்டல் மட்டும். இறால் கவ்விய பூனையை அவரும் வரைந்தார். ஆனால் அதில் அலங்காரம்தான் தெரிகிறது, யாரையும் சீண்டவில்லை. காளிகாட் படங்களை நகரம் கெடுத்துவிட்டது என்று கருதி, அவர் பாங்குரா கிராமப் படங்கள் பக்கம் நகர்ந்தார். என்னைக் கேட்டால், நகரத்தோடு மல்லுக்கட்டியதுதான் காளிகாட்டின் உயிரே.

பட்டுவாக்களின் விலையை மட்டும் அவர் விடவில்லை. நடுத்தர வீட்டுச் சுவரிலும் படம் மாட்ட வேண்டும் என்று குறைந்த விலைக்குக் கொடுத்தார். மகன் அமியாவும் உதவியாளர்களும் சேர்ந்த பட்டறையில் ஒரே படம் பலமுறை வரையப்பட்டது. எது அசல் என்ற கேள்வியெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. இன்று ஏலக்காரர்களுக்கு அதுதான் தலைவலி. சந்தையில் போலிகள் ஏராளம்.

1972இல் இறந்தார். 1976இல் அவருடைய படைப்புகளை அரசு கலைச் செல்வமாக அறிவித்ததால், இப்போது அவற்றை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. சில்லறைக் காசுக்கு விற்ற காளிகாட் படங்கள் நூற்றுக்கணக்கில் எப்போதோ கப்பலேறி, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை.