பெற்ற மகனைப் பேய்களுக்குக் கொடுத்த அப்பா... டார்க் அனிமேவுக்கு அன்றே விதை போட்ட டாக்டர்! யார் இந்த ஒசாமு தெசூகா?

மாதவரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து மூலக்கடை சிக்னலைத் தாண்டுறதுக்குள்ள ஒரு எபிசோட் முடிஞ்சிடும். காதுல இயர்போன், கையில மொபைல், ஸ்கிரீன்ல ஜுஜுட்சு கைசன் அல்லது செயின்சா மேன். இந்தக் காட்சி இப்போ வடசென்னையில் சாதாரணம். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழ் டப்பிங்கிலேயே தியேட்டருக்கு வந்தது.

ரத்தம், வாள் சண்டை, எதிர்பாராத நேரத்தில் சாகும் கேரக்டர்கள்... இந்த இருட்டு எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் 1989-ல் இறந்துபோன ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர்தான் ஒசாமு தெசூகா.

பூச்சி பிடித்த பையன்

1928 நவம்பர் 3. ஜப்பானின் ஒசாகா அருகே டொயோனாகாவில் பிறந்தார். வளர்ந்தது தகராசூகாவில். சுருட்டை முடி, கண்ணாடி என்று ஸ்கூலில் கேலிக்கு ஆளான பையன். படம் வரைந்துதான் நண்பர்களைப் பிடித்தார். பூச்சிகள் மேல் அவ்வளவு பைத்தியம். புனைபெயரில் பூச்சியைக் குறிக்கும் எழுத்தையே சேர்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். 1942-ல் ஜப்பான் குண்டு போடும்னு பயந்து நம்ம மெட்ராஸ்வாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தது பலருக்குத் தெரியும். அதே ஜப்பானில், 1945-ல் 16 வயது தெசூகா அமெரிக்கக் குண்டுகளுக்குக் கீழே நின்றார். ஒசாகாவில் போர்த் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த அவர், கண்காணிப்புக் கோபுரத்தில் இருந்தபோது பக்கத்திலேயே குண்டு விழுந்தது. உயிர் தப்பி வெளியே வந்தவர் கண்டது எரியும் ஊரையும், குவிந்து கிடந்த உடல்களையும்தான். அந்தக் காட்சி அவர் கதைகளை விட்டுப் போகவே இல்லை.

படிச்சது டாக்டருக்கு, பிடிச்சது பேனாவை

போர் முடிந்ததும் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படிக்கும்போதே 1946-ல் பத்திரிகையில் படக்கதை. 1947-ல் வந்த 'புதிய புதையல் தீவு' லட்சக்கணக்கில் விற்று அவரை ஸ்டார் ஆக்கியது. டாக்டர் லைசென்ஸும் வாங்கினார். ஆனால் கிளினிக் போடவில்லை.

1952-ல் ஆஸ்ட்ரோ பாய் மாங்கா தொடங்கியது. மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அவனைப் போலவே ரோபோ செய்கிறார். அது வளரவில்லை என்று தெரிந்ததும் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். குழந்தைகள் கதைதான். ஆனால் உள்ளே எவ்வளவு வலி பாருங்க.

ஒரு வாரத்தில் ஒரு எபிசோடா?

1961-ல் முஷி புரொடக்‌ஷன் என்ற சொந்த ஸ்டூடியோ. 1963 ஜனவரி 1-ல் ஆஸ்ட்ரோ பாய் டிவிக்கு வந்தது. அரை மணி நேர அனிமேஷன் தொடர் வாராவாரம் வருவது ஜப்பானில் அதுதான் முதல்முறை. 1966 கடைசி வரை 193 எபிசோடுகள்.

எப்படி முடிந்தது? சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம். தெசூகா ஒரே படத்தை மூணு ஃபிரேமுக்கு நிறுத்தி, விநாடிக்கு சுமார் 8 படத்தில் வேலையை முடித்தார். பேசும்போது வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்ததைப் பத்திரப்படுத்தி அடுத்த எபிசோடிலும் பயன்படுத்தினார்கள். அசைவில் விட்டதை கேமரா கோணம், சத்தம், கதை மூன்றிலும் பிடித்தார். இன்றைக்கும் சண்டை நடுவில் ஹீரோ உறைந்து நிற்க, பின்னணி மட்டும் கோடு கோடா பறக்குதே, அது இந்தச் சிக்கனத்தின் வாரிசு.

டார்க் அனிமேவின் தாத்தா: டோரோரோ

1967-ல் அவர் தொடங்கிய மாங்கா டோரோரோ. போர்க்காலத்தில் ஒரு பிரபு, அதிகாரத்துக்காகப் பிறக்கப் போகும் மகனின் 48 உடல் பாகங்களை 48 பேய்களுக்குக் கொடுத்துவிடுகிறான். கண், காது, கை, கால் இல்லாமல் ஆற்றில் விடப்படும் குழந்தைதான் ஹ்யாக்கிமாரு. வளர்ந்து, செயற்கைக் கைக்குள் வாளை மறைத்து வேட்டைக்குக் கிளம்புகிறான். ஒரு பேயைக் கொன்றால் ஒரு பாகம் திரும்பக் கிடைக்கும். கூட வருவது டோரோரோ என்ற திருட்டுக் குழந்தை.

அன்றைய சிறுவர் பத்திரிகைக்கு இது ரொம்பவே இருட்டு. 1968-ல் பாதியில் நின்று, அடுத்த வருடம் வேறு பத்திரிகையில்தான் முடிந்தது. 1969-ல் கறுப்பு வெள்ளையில் 26 எபிசோடுகளாக டிவியில் வந்தது.

2019-ல் மீண்டும் எடுக்கப்பட்ட வெர்ஷனைத் தைரியமா பரிந்துரைக்கலாம். பேய்களின் எண்ணிக்கை 12 ஆகக் குறைந்தது, ஆனால் கேள்வி கூர்மையானது. அவன் உடம்பு திரும்பத் திரும்ப, பேய்களால் செழித்த அப்பாவின் நாடு வாடுகிறது. ஒருத்தனைப் பலி கொடுத்து ஊர் வாழலாமா? அவனுக்குக் காது கிடைக்கும் இடத்தைக் கவனிங்க. சந்தோஷம் வராது, உலகத்தின் இரைச்சல் தாங்காமல் துடிப்பான். சண்டையைவிட மனசில் நிற்பது அதுதான்.

திவாலான ஸ்டூடியோ, பரவிய வாரிசுகள்

1971-ல் தெசூகா முஷி தலைவர் பொறுப்பை விட்டார். 1973-ல் கம்பெனி திவால். கதை முடிந்தது என்று பலர் நினைத்த அதே வருடம் பிளாக் ஜாக் வந்தது. லைசென்ஸ் இல்லாத, காசு கறக்கும், ஆனால் கை வைத்தால் பிழைக்க வைக்கும் சர்ஜன். தெசூகா படித்த மருத்துவம் கதையாக வெளியே வந்தது. 1972 முதல் 1983 வரை நம்ம ஊர் புத்தரின் வாழ்க்கையையும் மாங்காவாக வரைந்தார்.

முஷியில் 1965-ல் வேலைக்குச் சேர்ந்த மசாவோ மருயாமா, 1972-ல் நண்பர்களோடு மேட்ஹவுஸ் தொடங்கினார். டெத் நோட் அங்கே உருவானது. 2011-ல் அவர் தொடங்கிய மாப்பாதான் ஜுஜுட்சு கைசன், செயின்சா மேன் எடுத்தது. 2019 டோரோரோவும் மாப்பா பங்களிப்புதான்!

ஆனால் ஒரு கசப்பு

ஆஸ்ட்ரோ பாய் டிவி உரிமையைச் செலவை விடக் குறைந்த விலைக்குக் கொடுத்தார் தெசூகா. மிட்டாய் ஸ்டிக்கர், பொம்மை, வெளிநாட்டு விற்பனையில் ஈடுகட்டினார். அனிமே என்றால் மலிவு என்ற பழக்கம் அங்கேதான் ஒட்டியது என்பது பெரிய குற்றச்சாட்டு. ஹயாவோ மியாசாகியே அவர் இறந்த பிறகு இதை விமர்சித்தார். அவர் ஒருவர் மேல் மட்டும் பழி போட முடியாது என்பவர்களும் உண்டு. எப்படியோ, சுமை இறங்கவில்லை. 2023-ல் ஜுஜுட்சு கைசன் இரண்டாவது சீசன் வந்தபோது சில அனிமேட்டர்கள் வேலை நெருக்கடி பற்றி வெளிப்படையாகப் புலம்பினார்கள்.

தெசூகாவும் தன்னை விட்டுவைக்கவில்லை. சுமார் ஒன்றரை லட்சம் பக்கம் வரைந்தவர். வயிற்றுப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லாமலேயே மறைத்தார்கள். அப்போது ஜப்பானில் அது வழக்கம். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தார். 1989 பிப்ரவரி 9-ல் இறந்தபோது வயது 60. மூன்று கதைகள் பாதியில் நின்றன.

எதில் ஆரம்பிக்கலாம்?

முதலில் டோரோரோ 2019, 24 எபிசோடுகள். அடுத்து புளூட்டோ, 8 எபிசோடுகள். ஆஸ்ட்ரோ பாய் கதையின் ஒரு பகுதியைப் பெரியவர்களுக்கான மர்மக் கதையாக மாற்றியது, 2023-ல் வந்தது. அதன் தயாரிப்பிலும் மருயாமா இருக்கிறார். எபிசோட் முடிந்ததும் ஸ்கிப் பட்டனை அழுத்தாமல், ஓடுகிற பெயர்களை ஒரு தடவை பாருங்க. அத்தனை பேரின் தூக்கம் அதில் இருக்கு.