மனிதர்களால் வாசிக்க முடியாது என நினைத்த இசை... மேடையில் நடந்த அதிசயம்! யார் இந்த ஃபிராங்க் ஜாப்பா?

1988-ஆம் ஆண்டு கிராமி விழாவில், ராக் வாத்திய இசைக்கான விருது 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' என்ற ஆல்பத்துக்குக் கிடைத்தது. இதில் என்ன வேடிக்கை என்றால், அந்த ஆல்பத்தின் எட்டு இசைத் துண்டுகளில் ஏழில் வாத்தியக் கலைஞர்கள் யாருமே கிடையாது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, பியானோ இல்லை. எல்லாமே ஒரே ஓர் இயந்திரம்.

இத்தனைக்கும் அதை உருவாக்கியவர் உலகமே கொண்டாடிய கிட்டார் கலைஞர். கைவசம் அருமையான இசைக்குழுவும் வைத்திருந்தவர். அப்புறம் ஏன் மனிதர்களை விட்டுவிட்டு இயந்திரத்திடம் போனார்?

கேஸ் மாஸ்க் மாட்டிய வீடு

ஃபிராங்க் ஜாப்பா 1940 டிசம்பர் 21-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு ராணுவத்தின் ரசாயன ஆயுதக் கூடத்தில் வேலை. விஷவாயு கசிந்தால் என்ன செய்வது என்று வீட்டிலேயே கேஸ் மாஸ்க்குகள் மாட்டி வைத்திருப்பார்கள். பையனுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். ஆஸ்துமா வேறு அவரைப் பாடாய்ப் படுத்தியது. பிறகு குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு இடம் மாறியது.

அங்கேதான் எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளரின் இசைத்தட்டு கையில் கிடைத்தது. சைரன் ஒலி, தாள வாத்தியங்களின் இரைச்சல் என்று மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் ரகம். ஜாப்பாவுக்கோ அதுதான் வேதம். 15-வது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டபோது, நியூயார்க்கில் இருக்கும் வரேஸுக்கு ஒரு டிரங்க் கால் போட்டுத் தரச் சொன்னாராம். அன்றைக்கு வரேஸ் ஊரில் இல்லை, மனைவிதான் எடுத்தார். கடைசி வரை இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

இசைக் குறியீடுகளை எழுத இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூலகப் புத்தகங்களைப் பார்த்து அவராகவே கற்றுக்கொண்டார். 1966-ல் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவோடு முதல் ஆல்பம். அதன் பிறகு ஆள் நிற்கவே இல்லை. வாழ்ந்த காலத்திலேயே 60-க்கும் மேற்பட்ட ஆல்பங்கள்! இதில் நம்ம ஊர் தொடர்பும் உண்டு. சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல்.சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தை 1979-ல் தயாரித்தது இந்த ஜாப்பாதான்.

நடுவில் 1971 டிசம்பர் ஒரு கொடுமையான மாதம். 4-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் கச்சேரி நடக்கும்போதே அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. டீப் பர்ப்பிள் குழுவின் புகழ்பெற்ற 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு பிறந்தது அந்தத் தீயில்தான். ஆறே நாளில், லண்டனில் ஒரு ரசிகர் மேடையேறி ஜாப்பாவைக் கீழே தள்ளிவிட, பல மாதங்கள் சக்கர நாற்காலிதான். கழுத்தில் பட்ட அடியில் குரலே மாறிப்போனது.

கடுப்பேத்திய ஆர்க்கெஸ்ட்ரா

ஜாப்பாவின் உண்மையான ஆசை ராக் இல்லை. தான் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா இசையை, எழுதியபடியே காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவர் எழுதும் தாளக் கணக்குகள் பயங்கரமானவை. ஒரு துளி இடத்தில் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று சுரங்களை அடைத்து வைத்திருப்பார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஒத்திகை பார்க்கக் கிடைப்பதோ சில நாள்.

1983-ல் சொந்தக் காசைப் போட்டு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார். திருப்தி இல்லை. இடைவேளையில் மதுக்கடைக்குப் போன சில கலைஞர்கள் தாமதமாகத் திரும்பி, கடைசித் துண்டைத் தப்பும் தவறுமாக வாசித்தார்கள் என்பது அவர் பிறகு சொன்ன புகார். அவர் பக்கக் கதை இது. அந்தக் கலைஞர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது, அந்த இசை அவ்வளவு கஷ்டம்.

சரி, மனிதர்கள் வேண்டாம் என்று அவர் திரும்பியது சிங்க்ளேவியர் பக்கம்.

சாம்ப்ளர்னா என்ன?

ஒரு மண்பானையைத் தட்டுறீங்க. அந்தச் சத்தத்தைப் பதிவு செஞ்சு ஒரு மெஷினில் ஏத்துறீங்க. இப்போ கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே பானைச் சத்தம், வேற வேற சுருதியில் வரும். இதுதான் சாம்ப்ளர். சிங்க்ளேவியரில் இதோடு கணினியும் சேர்ந்திருந்தது. சுரங்களை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதி வைத்தால், எவ்வளவு வேகமாக இருந்தாலும் பிசகாமல் வாசித்துவிடும். இன்னைக்கு இதெல்லாம் போனிலேயே ஆப்பா கிடைக்குது. 1980-களில் முழு வசதியுள்ள ஒரு சிங்க்ளேவியர் லட்சக்கணக்கான டாலர்.

ஜாப்பா அதன் முன்னால் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. 1985-ல் பாடல் வரிகளுக்கு எச்சரிக்கை முத்திரை குத்த வேண்டும் என்ற இயக்கம் கிளம்பியபோது, அமெரிக்க செனட் விசாரணைக்கே போய் அதை எதிர்த்து வாதாடினார். அதோடு விட்டாரா? அங்கே செனட்டர்கள் பேசிய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டி, 12 நிமிட 'பார்ன் வார்ஸ்' என்று ஆல்பத்தில் போட்டுவிட்டார்!

அடுத்த ஆண்டு வந்ததுதான் 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்'. ஒரு கிட்டார் தனி ஆவர்த்தனம் தவிர மற்றதெல்லாம் சிங்க்ளேவியர். முதல் முறை கேட்டால் குழப்பமாகத்தான் இருக்கும், உண்மை. பொறுமையாகக் கேட்டால் உள்ளே ஒரு கிண்டலும் துள்ளலும் ஓடுவது பிடிபடும். குறிப்பாக 'ஜி-ஸ்பாட் டொர்னேடோ'. இதை மனிதக் கைகள் வாசிக்கவே முடியாது என்று நினைத்துத்தான் அவர் இயந்திரத்துக்கு எழுதினார்.

தேடி வந்த ஜெர்மானியர்கள்

1990-ல் இடி விழுந்தது. புரோஸ்டேட் புற்றுநோய், கண்டுபிடித்தபோது அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த 'என்செம்பிள் மாடர்ன்' இசைக்குழு அவரைத் தேடி வந்தது. 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே வந்து, நாள் கணக்கில் அவரோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அவர் எதிர்பார்த்து ஏமாந்த அந்த உழைப்பு, கேட்காமலே வாசலுக்கு வந்தது. இயந்திரத்துக்காக எழுதிய இசை, வாத்தியங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டது.

1992 செப்டம்பர். ஃபிராங்க்ஃபர்ட்டின் ஆல்டே ஓபர் அரங்கம். வலியோடு மேடையேறிய ஜாப்பா, கையை உயர்த்தி, 'ஜி-ஸ்பாட் டொர்னேடோ'வை அவரே நடத்தினார். வாசித்தது மனிதர்கள். எழுதியபடியே, அதே வேகத்தில்! அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, நிற்கவே இல்லை. ஆனால் உடம்பு ஒத்துழைக்காததால் எல்லாக் கச்சேரிகளுக்கும் இருக்க முடியாமல் அவர் ஊர் திரும்ப வேண்டியதானது.

அப்போ சிங்க்ளேவியரைக் கைவிட்டாரா? அதுவும் இல்லை. உடம்பு இடம் கொடுத்த நேரமெல்லாம் அதன் முன்னால்தான் இருந்தார். 1967-ல் நியூயார்க் ஸ்டுடியோவில் ஒரு விளையாட்டு செய்திருந்தார். பெரிய பியானோவின் மூடிக்கு அடியில் நண்பர்களைத் தலையை விட்டுப் பேசச் சொல்லி, அவர்கள் குரலுக்குக் கம்பிகள் அதிர்வதைப் பதிவு செய்திருந்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த உரையாடல்களை எடுத்து, சிங்க்ளேவியர் இசையோடு கோத்து, 'சிவிலைசேஷன் ஃபேஸ் த்ரீ' என்ற இரட்டை ஆல்பத்தை முடித்தார். 1993 டிசம்பர் 4-ல், 52 வயதில், வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

ஆல்பம் வெளியானது அடுத்த ஆண்டில். அதில் 1967-ன் பழைய குரல்களோடு 1991-ல் பதிவான புதுக் குரல்களும் இருக்கின்றன. பியானோவுக்குள் தலையை விட்டுப் பேசியவர்களில் ஒருவர் அவர் மகள் மூன். கூடவே பேசியிருப்பவர்கள், ஒத்திகைக்கு வந்த அந்த என்செம்பிள் மாடர்ன் கலைஞர்கள்.