அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்

ராமானுஜன் என்றதும் 1729 நினைவுக்கு வருகிறது. ஹார்டி வந்த வாடகைக் காரும் நாமகிரித் தாயாரும் உடன் வருகிறார்கள். அவர் பெயரோடு சேர்த்து நினைக்க வேண்டிய எண் வேறொன்று என்பேன்: 67,46,32,83,88,800. நிதிநிலை அறிக்கைகளைப் படித்தே காலம் கழித்த என் போன்றோருக்கு, ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி என்றால் எளிதில் பிடிபடும்.

இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு முந்தைய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சுபவற்றை உயர் பகு எண்கள் என வகைப்படுத்தினார் ராமானுஜன். 12க்கு 6 வகுத்திகள், 24க்கு 8, 60க்கு 12.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் தவிர மற்றதைக் கவனியாமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். காகிதச் செலவுக்கு அஞ்சிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே லண்டன் கணிதச் சங்க இதழில் உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அளித்த ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அதுவே அடிப்படை. எஃப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனது இப்படித்தான்.

கட்டுரையின் அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள். நான் மேலே சொன்னது அதில் கடைசி. இடையில் ஒன்று விடுபட்டுவிட்டது: 2,93,31,86,25,600. ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் ஒரு பிற்பகல், தாளும் பேனாவுமாக அமர்ந்து அதை 23ஆல் பெருக்கினேன். வந்தது அட்டவணையின் கடைசி எண்! விடுபட்டதற்கு 5,040 வகுத்திகள். அதில் இல்லாத பகா எண்ணான 23 சேர்ந்ததும் வகுத்திகள் இரட்டிக்கின்றன.

எல்லாம் தாயாரின் அருள் என்று அவரே நம்பினார். அதை மறுக்க நான் யார்? ஆனால், அருளை மட்டுமே பேசும் நாம் உழைப்பை மறைத்துவிடுகிறோம். கணிப்பொறி இல்லாத காலத்தில் இந்த எண்களைப் பகா எண்களாகப் பிரித்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்திய கை அது. அப்படித் தேடிய கைக்குத்தான் ஒன்று தவறிப்போகும். அந்தப் பிழை அவரை எனக்கு மேலும் நெருக்கமாக்குகிறது.

கற்பலகைக் காலத்துப் பணமுடை அங்கும் தொடர்ந்தது. இம்முறை முடை சங்கத்துக்கு. நிதி நெருக்கடியால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. 1919இல் நோயுடன் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் தமது 32ஆம் வயதில் மறைந்தார். எஞ்சிய பகுதி இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளுடன் 1997இல் வெளிவந்தது. திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்த அவர் மனைவி ஜானகி அம்மாள் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் காலமாகியிருந்தார்.